உடல் சொல்லும் செய்தி

பொருளியல் பேராசிரியருக்கு உயிரியலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். என் மூத்த சகோதரிக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் குழந்தை இல்லை. 'மலடி' என்று அவர் காதுபடப் பேசியவர்கள் உறவினர்களே. விரதமும் பத்தியமும் மருந்தும் அவருக்கு மட்டுமே விதிக்கப்பட்டன. மாதத்தில் சில நாள்கள் இயல்பாகத் தோன்றிய கசிவைக்கூட 'உடல் சூடு' என்று சொல்லிக் கசாயம் கொடுத்தார்கள். பத்தாவது ஆண்டில்தான் ஒரு மருத்துவர் கணவரையும் பரிசோதிக்கச் சொன்னார். குறை கணவரிடம் இருந்தது.

அந்தக் கசிவு நோயல்ல, உடல் நலமாக இருப்பதன் அடையாளம் என்பதைப் பணி ஓய்வுக்குப் பின் படித்தபோதுதான் நானே அறிந்தேன்.

நம் உடலின் வழுவழுப்பான பரப்புகளைக் காப்பவை மியூசின்கள். நீண்ட புரத இழையின் மீது சர்க்கரைக் கிளைகள் அடர்ந்திருக்கும். பாட்டில் கழுவும் தூரிகையைப் போன்ற அமைப்பு அது. இவற்றின் நெருங்கிய உறவினர் புரோட்டியோகிளைக்கான்கள். இரண்டுமே நீரை ஈர்த்துப் பிடித்து வைப்பவை. மனிதப் பிறப்பின் ஒவ்வொரு படியிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

முதல் படி கருப்பை வாய். அங்குச் சுரக்கும் சளி, மாதத்தின் பெரும்பாலான நாள்களில் கெட்டியாக இருந்து கிருமிகளையும் விந்தணுக்களையும் தடுக்கிறது. கருமுட்டை வெளியேறும் நாள் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் உயர்கிறது. சளியில் நீர் மிகுந்து, முட்டையின் வெள்ளைக் கருவைப் போலத் தெளிவாகி, இழுத்தால் நீளும். அப்போதுதான் விந்தணுவுக்கு வழி திறக்கிறது. அச்சளியின் துணையோடு விந்தணு ஐந்து நாள்கள் வரை உயிருடன் காத்திருக்க முடியும். கருமுட்டை வெளியேறிய பின் புரொஜெஸ்டிரோன் உயர, வாயில் மீண்டும் அடைபடுகிறது. இந்த மாற்றங்களைப் பெண்களே கவனித்துக் கணிக்கலாம் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் மெல்போர்னில் 1953-இல் தொடங்கிய ஆய்வு காட்டியது. கருத்தரிப்பு சாத்தியமாவது, கருமுட்டை வெளியேறும் நாளோடு முடிகிற ஆறு நாள்களில்தான் என்று 1995-இல் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் நிறுவினர்.

இரண்டாம் படி கருமுட்டை. அதைச் சூழ்ந்த உயிரணுக்கள் ஹயலுரோனான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியைச் சுரந்து, மெத்தை போல விரிகின்றன. வெர்சிகன் என்ற புரோட்டியோகிளைக்கானும் அதில் உண்டு. அச்சங்கிலிகளைப் பிணைக்கும் புரதங்களில் ஒன்று இல்லாத பெண் எலிகள் கருத்தரிப்பதில்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன.

மூன்றாம் படி கர்ப்பம். கருப்பை வாயைக் கெட்டியான சளி அடைத்துக்கொண்டு, கிருமிகள் மேலே ஏறாமல் காக்கிறது. கொலாஜன் இழைகளை டெக்கோரின் என்ற புரோட்டியோகிளைக்கான் ஒழுங்குபடுத்தி, கருப்பை வாயை உறுதியாக வைத்திருக்கிறது. பிரசவம் நெருங்கும்போது அங்கு ஹயலுரோனான் பெருகி, நீரேறி, திசு மென்மையாகிறது. இந்த மாற்றம் காலத்துக்கு முன்பே நிகழ்ந்தால் குறைப்பிரசவம் நேரக்கூடும்.

இனி என் துறைக்கு வருகிறேன். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத நிலையே மருத்துவச் சந்தையின் அடிப்படைச் சிக்கல் என்பதை 1963-இல் கென்னத் ஆரோ விளக்கினார். தன் உடலின் இயல்பையே அறியாத பெண், இச்சந்தையில் எவ்வளவு எளிய வாடிக்கையாளர்! வெள்ளைப்படுதல் என்று முறையிடும் பெண்களிடம் தொற்றைவிட மனத்துயரமும் குடும்ப நெருக்கடிகளுமே வலுவான தொடர்பு கொண்டிருந்ததை விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் கண்டனர். இயல்பான கசிவைக் 'கழுவி' அகற்ற வாசனைத் திரவங்கள் விற்கப்படுகின்றன. உட்புறத்தைக் கழுவுவது அங்குள்ள நன்மை செய்யும் பாக்டீரியாக்களின் சமநிலையைக் குலைக்கும். துர்நாற்றம், அரிப்பு, நிற மாற்றம், வலி, காரணமற்ற ரத்தக் கசிவு ஆகியவை இருந்தால்தான் மருத்துவரை நாட வேண்டும். அப்போது தாமதிக்கவும் கூடாது.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை. கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்த இந்தியாவில் 2021-இல் சட்டம் இயற்றப்பட்டது. அது தேவையானதே. ஆனால், மையத்தின் வாசலுக்கு வருமுன் மக்களுக்கு இருக்க வேண்டிய அறிவைச் சட்டம் தராது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காத தம்பதியர் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதிக்கப்பட வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். விந்தணுப் பரிசோதனை எளிமையானது, செலவும் குறைவு. அதைக் கடைசிக்குத் தள்ளுவது அறிவியலுக்கும் பொருந்தாது, சிக்கனத்துக்கும் பொருந்தாது. மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆண், பெண் இருபாலருக்கும் இதைத் தயக்கமின்றிக் கற்பிக்க வேண்டும்.

என் சகோதரி எழுபதைக் கடந்துவிட்டார். இக்கட்டுரையை எழுதியதும் அவருக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்னொரு பெண்ணுக்கு இக்கேள்வியைக் கேட்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.