கல்கியின் இரு குறும்புதினங்கள்: பிறவி கடந்த காதற்கதையின் தோற்றுவாய்

பழனியின் பழம்பெயர் பொதினி என்பது தமிழறிஞர் அறிந்ததே. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் இவ்வூரைக் குறிக்கின்றார். நெடுவேள் ஆவிக்கு உரிய பொதினியிலே, சாணைக்கல் செய்வோன் அரக்கொடு சேர்த்து இறுக்கிய கல்லைப்போல் நாம் பிரியோம் என்று தலைவன் அளித்த உறுதிமொழியைத் தலைவி நினைவுகூர்வதாக அப்பாட்டு அமைந்துள்ளது. தமிழ்க் காதலிலக்கியத்தில் பிரியாமை பற்றிய சூளுரைக்கு இதனினும் திண்ணிய உவமை காண்டல் அரிது. எனினும் அச்சூள் இப்பிறவியளவில் நிற்பது. அதனைப் பிறவிக்கு அப்பாலும் நீட்டினால் யாது நிகழும்? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வாயிலாகும்.

பேராசிரியர் கல்கி (1899-1954) எழுதிய ‘சோலைமலை இளவரசி’ (1947), ‘மோகினித் தீவு’ (1950) ஆகிய இரண்டும் வரலாற்றுப் புதினம், சமூகப் புதினம் என்னும் இருவகைப் பாகுபாட்டுள் அடங்காதவை. நிகழ்கால அரசியலும் கடந்தகால அரச வாழ்வும் இயற்கையிறந்த நிகழ்ச்சியும் காதலும் இவற்றில் ஒருங்கே விரவியுள்ளன. இவற்றைப் பொழுதுபோக்குக் கற்பனை எனவும், மேனாட்டுக் கதைகளின் சாயல் எனவும் சொல்லிக் கடந்து செல்வாருளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆசிரியரைத் தூண்டிய பொருள்கள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கதைக்களங்களை நோக்குவோம். ‘சோலைமலை இளவரசி’யின் தலைவன் குமாரலிங்கம், 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுப் புரட்சியில் ஈடுபட்டுத் தலைமறைவானவன். இடிந்த கோட்டை ஒன்றில் ஒளிந்திருக்கும் அவனுக்கு ஊர் மணியக்காரர் மகள் பொன்னம்மாள் துணையாகின்றாள். அவ்விடிபாடுகளின் நடுவே உறங்கும்போது முற்பிறவி நிகழ்ச்சிகள் அவன்முன் விரிகின்றன. கும்பினியார் காலத்தில் தான் மாறனேந்தல் உலகநாதத் தேவனாக இருந்ததையும், பகைவரது சோலைமலை அரண்மனையில் இளவரசி மாணிக்கவல்லியிடம் அடைக்கலம் புகுந்ததையும் அவன் காண்கின்றான். ‘மோகினித் தீவு’ இரண்டாம் உலகப்போரின்போது பர்மாவிலிருந்து கப்பலேறித் தப்பியோடிய ஒருவரின் கூற்றாக நடக்கின்றது. சிற்பங்கள் நிறைந்த தீவொன்றில், நிலவொளியில், அவர் ஓர் இணையரைச் சந்திக்கின்றார். சோழ இளவரசன் சுகுமாரனும் பாண்டியன் மகள் புவனமோகினியுமாகிய அவ்விருவரும் தம் காதல் வரலாற்றை மாறி மாறி உரைக்கின்றனர்.

இவ்விரு கதைகளிலும் இயற்கையிறந்த பகுதிக்கு வாயிலாக நிற்பது அந்நாளைய செய்தித்தாள் செய்தியே என்பது கருதத்தக்கது. 1942 ஆகஸ்டில் இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானையில் மக்கள் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்தனர். அவர் பின்னர்த் தமிழ்ப் பண்ணை என்னும் பதிப்பகத்தை நடத்தியவர். கல்கியோடு நெருங்கிப் பழகியவர். தலைமறைவு வாழ்வு கல்கிக்கும் அவர்தம் வாசகர்க்கும் வெறுங்கற்பனை அன்று. அறிந்தவர் வாழ்வில் நிகழ்ந்ததொன்று. அங்ஙனமே, 1941 டிசம்பரில் இரங்கூன் மீது சப்பானியர் குண்டு வீசியபின் பல இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். அவ்வெளியேற்றத்தின் துயரைத் தம் குடும்பத்தில் கண்டோர் ‘மோகினித் தீவு’ வெளிவந்த காலத்துத் தமிழகத்தில் பலர் இருந்தனர்.

இரண்டாவது தூண்டுகோல் கல்லாகும். ‘சிவகாமியின் சபதம்’ என்னும் புதினத்தின் வித்து மாமல்லபுரத்துக் கடற்கரையில், இரசிகமணி டி. கே. சி.யோடு கூடியிருந்த நிலாப்பொழுதில் முளைத்தது என்பது கல்கியே அந்நூலில் குறித்த செய்தி. சிற்பத்தைக் கண்டவுடன் அதனைச் செதுக்கியவரையும் அதற்கு நின்றவரையும் வினவும் மனப்பாங்கு அவருடையது. அங்கு அவ்வினா வரலாற்றுப் புதினமாயிற்று. சோலைமலையின் இடிந்த கோட்டையிலும் மோகினித் தீவின் சிற்பங்களிலும் அதே வினா மறுபடியும் எழுகின்றது. ஆனால் விடை கூற வருவோர் வரலாற்றாசிரியர் அல்லர். அக்கற்களுக்கு உரியவரே நேரில் தோன்றுகின்றனர்.

மூன்றாவது தூண்டுகோல் பாளையக்காரர் வரலாறு. பழனிப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட விருப்பாட்சியின் கோபால நாயக்கர் கும்பினியை எதிர்த்து 1801இல் தூக்கிலிடப்பட்டார். 1772இல் காளையார்கோவிற் போரில் கணவரை இழந்த வேலுநாச்சியார்க்கு அவ்விருப்பாட்சிப் பாளையமே அடைக்கலம் தந்தது. இவ்வரலாற்றையே கல்கி கதையாக்கினார் என்பது நம் கருத்தன்று. அடைக்கலமும் பகையும் தூக்குக்கயிறும் தென்னாட்டுப் பாளையங்களின் நினைவில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பதற்கு இது சான்றாகும். 1942இல் தலைமறைவானோரை எதிர்நோக்கியிருந்ததும் அதே கயிறுதான். இருகாலத்துக்கும் ஆட்சியாளர் ஒருவரே. ஆதலின் முற்பிறவி என்னும் அமைப்பு ஈண்டு வியப்புக்காக மட்டும் வந்ததன்று. ஒருமுறை தோற்ற போராட்டம் மீண்டும் பிறந்தது என்னும் அரசியற் கருத்தை அது தாங்கி நிற்கின்றது.

இனி, இவ்வமைப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். வால்டர் ஸ்காட், டூமா முதலியோரைக் கல்கி விரும்பிப் பயின்றார் என்பதை மறுப்பாரிலர். ஆயினும் பிறவி கடந்த காதலுக்கு நம் இலக்கியத்திலேயே தொடர்ச்சி உண்டு. குறுந்தொகை 49ஆம் பாட்டில் அம்மூவனாரின் தலைவி, மறுபிறவியிலும் நீயே கணவனாக வேண்டும் என விழைகின்றாள். பொதினிச் சூள் இம்மையளவினது, இவ்விழைவு மறுமையளவினது. விழைவாக இருந்ததனை நிகழ்ச்சியாக ஆக்கியது மணிமேகலை. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்ட மணிமேகலை, தான் முற்பிறவியில் இராகுலன் மனைவி இலக்குமி என்பதை உணர்கின்றாள். அவ்விராகுலனே உதயகுமரனாகப் பிறந்துள்ளான். அவன் வெட்டுண்டு இறந்தபோது அவள் அரற்ற, தூணில் அமைந்த கந்திற்பாவை வாய்திறந்து அவளைத் தடுக்கின்றது. கல்லும் பாவையும் பழம்பிறப்பை உணர்த்துதல் சாத்தனார் காலத்திலேயே தமிழிற் காதற்கதையின் உறுப்பாயிற்று.

ஒற்றுமையைக் கண்ட நாம் வேற்றுமையையும் காணல் வேண்டும். மணிமேகலையிற் பழம்பிறப்புணர்வு பற்றை அறுக்கும் கருவி. கல்கியிடம் அதுவே பற்றை வளர்க்கும் கருவி. சாத்தனார்க்கு ஊழின் தொடர்ச்சி அச்சந்தருவது. கல்கிக்கு ஆறுதல் தருவது. சமய நோக்கத்தினின்று நீங்கிய அமைப்பு, நாட்டுப்பற்றுக்கும் காதலுக்கும் பணிசெய்யப் புகுந்தமையே இம்மாற்றத்துக்குக் காரணமாகும். சமகாலத்தவரான புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் இயற்கையிறந்த நிகழ்ச்சி தீராத ஐயமாகவும் அச்சமாகவும் எஞ்சுகின்றது. கல்கியின் கதைகளிலும் ஐயம் உண்டு. கனவோ, நனவோ என்னும் வினாவுக்கு இடம் வைத்தே அவர் எழுதுகின்றார். ஆயின் அவ்வையத்தின் நடுவே நிற்பது அச்சம் அன்று, இரக்கம்.

இவ்வமைப்புக்கு ஒரு விலையும் உண்டு. மாணிக்கவல்லியின் நிழல் பொன்னம்மாள் மீது விழுந்துகொண்டே இருக்கின்றது. சோறு கொணர்ந்து, இடர் ஏற்று, தலைவனைக் காப்பவள் மணியக்காரர் மகளே. ஆனால் தலைவன் அவளிடத்து இளவரசியைத் தேடுகின்றான். நிகழ்காலப் பெண்ணின் தியாகம் பழங்கால அரசியின் பெயரால் உயர்த்தப்படுகின்றது. உழைக்கும் பெண்ணுக்கு அவள் பெயராலேயே பெருமை கூற அக்கதை தயங்கியது என்பது நம் மதிப்பீடு.

இறுதியாக, கல்கியின் படைப்புகளுள் இவற்றின் இடத்தைக் குறித்தல் வேண்டும். ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரையும், ‘அலை ஓசை’ 1948-49இலும், ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரையும் தொடராக வந்தன. முதலது வரலாறு, அடுத்தது சமகால அரசியல், மூன்றாவது மீண்டும் வரலாறு. வரலாற்றினின்று நிகழ்காலத்துக்கு வரும் வழியில் ‘சோலைமலை இளவரசி’யும், நிகழ்காலத்தினின்று வரலாற்றுக்கு மீளும் வழியில் ‘மோகினித் தீவு’ம் நிற்கின்றன. இரு துறைகளுக்கிடையே ஆசிரியர் தாமே கடந்து சென்ற வாயில்கள் இவை. பெரும்புதினங்களை மட்டும் ஆராய்ந்து இவற்றை விடுவோர் கல்கியின் வீடுகளைக் கண்டு வழியைக் காணாதவராவர். வரலாற்றுப் புதினங்களுக்கும் சமூகப் புதினங்களுக்கும் தனித்தனியே அட்டவணை வகுக்கும் மாணவர், இவ்விரண்டையும் எப்பட்டியில் அடைப்பது என்று மயங்குவதினும், அப்பட்டிகளே போதுமா என வினவுதல் பயனுடைத்து.