பழைய ஓப்பல் நகை: விலை தெரிந்து விற்பது எப்படி?

பால்போல வெளுத்த கல். சற்றே அசைத்தால் உள்ளிருந்து சிவப்பு, பச்சை, நீலம் எனப் பொறி பறக்கிறது. சுற்றிலும் சின்னஞ்சிறு வைரங்கள். வளையத்தின் உட்புறத்தில் தேய்ந்துபோன சில முத்திரைகள். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பாட்டியின் நகைப் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இப்படியொரு ஓப்பல் மோதிரம் கிடைப்பது புதுமையல்ல.

அதை எடுத்துக்கொண்டு நேராகப் பழைய தங்கம் வாங்கும் கடைக்குப் போனால் என்ன நடக்கும்? கடைக்காரர் தராசில் போடுவார். கல்லின் எடையைக் கழிப்பார். மீதித் தங்கத்துக்குக் கணக்குப் போடுவார். 4 கிராம் தங்கமுள்ள 9 காரட் மோதிரத்தில் சுத்தத் தங்கம் ஒன்றரை கிராம்தான். அந்த ஒன்றரை கிராமுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வருகிறவர், ஒருவேளை அதைப்போல் பல மடங்கு பெறக்கூடிய கல்லை இனாமாகக் கொடுத்துவிட்டு வருகிறார். மாறாக, அந்தக் கல் மெல்லிய தகடு ஒட்டிய ஒட்டுக்கல்லாகவும் இருக்கலாம். அப்போது தங்க விலையே நல்ல விலை. எது என்று தெரியாமல் கைமாற்றுவதில்தான் நஷ்டம் இருக்கிறது.

ஓப்பல் வைரத்தையோ மாணிக்கத்தையோ போன்ற படிகக் கல் அன்று. சிலிக்காவும் நீரும் சேர்ந்து இறுகியது. அதன் வர்ணஜாலத்துக்குக் காரணம் என்ன என்பதை 1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் வழி கண்டறிந்தார்கள். கடையில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கி வைத்ததுபோல, நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத்தான் ஒளி நிறம் நிறமாகப் பிரிகிறது. உருண்டை சிறியதாக இருந்தால் நீலம், ஊதா மட்டும் தெரியும். பெரியதாக இருந்தால்தான் சிவப்பு தோன்றும். சிவப்பு அரிது, ஆகவே சிவப்புக்கு விலை அதிகம்.

பழைய நகைக்கு வயது சொல்ல வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியக் கற்கள் வருவதற்கு முன்பு ஐரோப்பாவுக்கு ஓப்பல் கொடுத்தது அன்றைய ஹங்கேரி. அந்தச் சுரங்கங்கள் இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கின்றன. 1829-இல் வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நாவலில், ஒரு பெண் அணிந்த ஓப்பல்மீது புனித நீர் பட்டதும் அது ஒளியிழக்கிறது, அவளும் மாண்டுபோகிறாள். அந்தக் கதையால்தான் ஓப்பல் ஆகாத கல் என்ற பெயர் பரவியது என்பார்கள். ஆனால் விக்டோரியா மகாராணியாருக்கு ஓப்பல் மிகப் பிடிக்கும். அவருடைய கணவர் இளவரசர் ஆல்பர்ட் வடிவமைத்த மகுடம் ஒன்றில் ஓப்பல்களே பதிக்கப்பட்டிருந்தன. பின்னாளில் அலெக்சாண்ட்ரா அரசியார் அவற்றை எடுத்துவிட்டு மாணிக்கம் வைத்தார். அரண்மனையிலேயே கல்லை மாற்றியிருக்கிறார்கள் என்றால், மற்றவர் வீட்டு நகையில் இருப்பது பழைய கல்தானா என்று கேட்பதில் தவறே இல்லை.

1889 வாக்கில்தான் ஆஸ்திரேலிய ஓப்பல் லண்டன் சந்தைக்கு ஒழுங்காக வரத் தொடங்கியது. லைட்னிங் ரிட்ஜ் என்ற ஊரின் புகழ்பெற்ற கறுப்பு ஓப்பல் விற்பனைக்கு வந்தது 1900-க்குப் பிறகு. கூபர் பெடியில் 1915-இல் ஒரு சிறுவனின் கண்ணில் பட்ட பிறகே அங்கே சுரங்கம் தோண்டினார்கள். ஆகவே ஒருவர் 1860-ஆம் ஆண்டு நகை என்று கறுப்பு ஓப்பல் மோதிரத்தைக் காட்டினால், பெரும்பாலும் கல் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கும். இல்லையென்றால் அவர் சொல்லும் ஆண்டு தவறாக இருக்கும்.

இங்கிலாந்து நகையில் முத்திரையே பிறப்புச் சான்றிதழ் மாதிரி. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். பக்கத்தில் இருக்கும் ஓர் எழுத்து, எந்த ஆண்டில் முத்திரை இடப்பட்டது என்பதைச் சொல்லும். 15 காரட் என்ற தரம் 1932-இல் நிறுத்தப்பட்டது. எனவே 15 என்ற முத்திரை கண்ணில் பட்டால் நகை அதற்கு முந்தியது. லிபர்ட்டி நிறுவனத்தின் முத்திரையோ, பிரான்சின் ரெனே லாலிக் பெயரோ பொறிக்கப்பட்டிருந்தால் கதையே வேறு. அப்போது விலை கல்லுக்கு மட்டுமல்ல, பெயருக்கும் சேர்த்துத்தான். மோதிரத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும்போது பட்டறையில் முத்திரையைத் தேய்த்துவிடுவது உண்டு. விற்க நினைப்பவர் அந்த வேலையை வாங்குகிறவரிடமே விட்டுவிடலாம்.

இனிக் கல்லுக்கு வருவோம். முதல் கேள்வி: இது முழுக்கல்லா, ஒட்டுக்கல்லா? மெல்லிய ஓப்பல் தகட்டைக் கறுப்புக் கல்லின்மேல் ஒட்டினால் அது டபிளட். அதன் தலையில் கண்ணாடியோ பளிங்கோ மூடினால் டிரிப்ளட். இரண்டையும் மேலிருந்து பார்த்தால் விலை உயர்ந்த கறுப்பு ஓப்பல் போலவே மின்னும். பக்கவாட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கோடு போட்டதுபோல நேரான ஒட்டு தெரியும். குவீன்ஸ்லாந்தின் பாறை ஓப்பலில் இயற்கையாகவே இரும்புக்கல் பின்புறம் இருக்கும். அங்கே சேரும் இடம் வளைந்து நெளிந்து போகும். சிக்கல் எங்கே என்றால், பழைய நகைகளில் கல்லைச் சுற்றித் தங்க விளிம்பை மூடி அடைத்திருப்பார்கள். பக்கவாட்டே தெரியாது. அந்த நிலையில், கல்லைக் கழற்றாமல் அடித்துச் சொல்கிற மதிப்பீட்டாளரைவிட, "கழற்றினால்தான் சொல்ல முடியும்" என்கிறவரே நம்பத்தக்கவர்.

ஒட்டுக்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பசை விட்டு, உள்ளே மேகம் படிந்ததுபோல ஆகிவிடும். விற்பதற்கு முன்பு பளபளப்பாக்க வேண்டும் என்று நகைகளை அதிர்வுத் தொட்டியில் போட்டுக் கழுவும் கடைகளில் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முழுக்கல்லுக்கும் அந்தத் தொட்டி ஆகாது. ஓப்பலின் கடினம் சுமார் 5.5 முதல் 6.5 வரைதான். தூசியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7. வெறும் தூசியே கீறிவிடும் கல் இது. திடீர்ச் சூடும் குளிரும் பட்டால் சிலந்திவலை போல் வெடிப்பு ஓடும். வெடிப்பு விழுந்த கல்லுக்கு விலை சரிந்துவிடும். மேற்பரப்புக் கீறல் அப்படியல்ல. அதைத் திரும்ப மெருகிட்டுச் சரிசெய்யலாம்.

நம்மவர்கள் சுக்கிரனுக்கு வைரம் அணிய வசதியில்லாதபோது ஓப்பல் அணிவது உண்டு. அப்படி இப்போது விற்கப்படும் கற்களில் பல எத்தியோப்பியக் கற்கள். 2008-இல் அந்நாட்டின் வெல்லோ பகுதியில் பெரிய அளவில் கிடைத்தவை. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும் தன்மை கொண்டவை. நனைந்தால் கண்ணாடிபோல் தெளிந்து நிறம் மங்கும், காய்ந்தால் திரும்பும். பழைய விக்டோரியா காலச் சட்டத்தில் இத்தகைய கல் இருந்தால், நகை பழையது, கல் புதியது என்று பொருள். 1974 முதல் கில்சன் என்பவரின் செயற்கை ஓப்பலும் சந்தையில் உண்டு. பூதக்கண்ணாடியில் அதன் நிறத் துண்டுகள் பல்லித்தோல்போல் ஒழுங்காகத் தெரியும்.

அடுத்து, மதிப்பீட்டுத் தாள். பலர் ஏமாறுவது இங்கேதான். காப்புறுதிக்காக எழுதப்படும் மதிப்பு, நகை தொலைந்துபோனால் அதேபோன்ற ஒன்றைக் கடையில் முழு விலைக்கு வாங்க ஆகும் தொகை. அது விற்றால் கிடைக்கும் தொகை அன்று. தாளில் 6,000 வெள்ளி என்று எழுதியிருக்கும் மோதிரத்துக்கு வியாபாரி 2,000 வெள்ளி சொன்னால், அவர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அவர் கடை வாடகை கட்ட வேண்டும், வாங்குகிறவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கும் மேல் இலாபமும் பார்க்க வேண்டும். விற்க நினைப்பவர் மதிப்பீட்டாளரிடம் "சந்தையில் விற்றால் என்ன கிடைக்கும்?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காப்புறுதித் தொகைதான் எழுதிக் கொடுக்கப்படும்.

மதிப்பீட்டுக் கட்டணம் நேரத்துக்கோ உருப்படிக்கோ இருக்கலாம். மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கேட்பவரிடம் போகக்கூடாது. தொகையை ஏற்றி எழுதினால் அவருக்குத்தானே ஆதாயம்? மதிப்புச் சொல்லிவிட்டு "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். அவருக்குத் தொகையைக் குறைத்துச் சொல்வதில் ஆதாயம். நல்ல தாளில் கல்லின் நீள அகலம், முழுக்கல்லா ஒட்டுக்கல்லா, அடிநிறம், ஒளிர்வு, வெடிப்பு, முத்திரை எல்லாம் இருக்கும். ஆஸ்திரேலிய முறையில் அடிநிறத்தை என்1 முதல் என்9 வரை குறிப்பார்கள். என்1 முதல் என்4 வரை கறுப்பு ஓப்பல். ஆயினும் நிறம் மங்கிய கறுப்புக் கல்லைவிடத் துள்ளி ஒளிரும் வெள்ளைக் கல் கூடுதல் விலை போகலாம்.

வியாபாரியிடம் விற்றால் பணம் அன்றே கையில், தொகை குறைவு. ஏலத்தில் தொகை கூடலாம்; ஆனால் விற்பவரிடம் தரகு, புகைப்படச் செலவு, காப்புறுதி என்று பிடிப்பார்கள். வாங்குகிறவரிடமும் தனியாக ஒரு விழுக்காடு வாங்குவதால், அவர் அதை மனத்தில் வைத்தே ஏலம் கேட்பார். கல் பழுதில்லாமல் இருந்து, முத்திரையோ புகழ்பெற்ற பெயரோ இருந்தால் ஏலம் சரி. சாதாரண டபிளட் மோதிரத்துக்கு ஏலம் வீண் செலவு.

நகையோடு வந்த பழைய பெட்டி, இரசீது, பாட்டி அதே ப்ரூச்சைக் குத்திக்கொண்டு எடுத்த திருமணப் படம் ஆகியவற்றைக் குப்பையில் போட்டுவிடாமல் சேர்த்தே காட்ட வேண்டும். வாங்குகிறவர்கள் அதற்கும் விலை தருவார்கள். கடையில் வைத்து விற்றுத் தரும்படி ஒப்படைத்தால், கல்லை அருகில் வைத்துப் பிடித்த படம், குறைந்தபட்ச விலை, விற்காவிட்டால் எத்தனை நாளில் திரும்பும், கடையில் இருக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே மோதிரத்தைக் கொடுக்க வேண்டும்.