ஆள்வோர் மாறினர், எழுதுகோல் மாறவில்லை!

ஆலைத் தொழிலாளிக்குச் சங்கமா என்று முதலாளிமார் சீறிய காலம். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி. பி. வாடியா. துணைத் தலைவர்களுள் ஒருவர், எழுதுகோலைத் தவிர வேறு சொத்தில்லாத பத்திரிகையாசிரியர். அவரே திரு. வி. க.!

1883-இல் துள்ளத்தில் பிறந்தவர். ஸ்பென்சர் கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியரானார். மாதம் பிறந்தால் சம்பளம். வீதியில் நடந்தால் வணக்கம். அந்த வாழ்வை 1917-இல் உதறிவிட்டுத் 'தேசபக்தன்' நாளேட்டின் ஆசிரியரானார். 1920-இல் 'நவசக்தி'யைத் தொடங்கினார். அரசியலை ஆங்கிலத்தில் பேசுவதே மேதைமை என்றிருந்த நாளில், தலையங்கத்தை நல்ல தமிழில் தீட்டினார். படித்தவர் மட்டுமா? பாட்டாளியும் அரசியல் அறிந்தான்.

அதிகாரம் சும்மா இருக்குமா? 1921-இல் கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரை அழைத்து, நாடு கடத்துவேன் என்று மிரட்டினார். அப்போது தடுத்துப் பேசியவர் யார்? அவரது எழுத்தம்புக்கு இலக்கான நீதிக்கட்சித் தலைவர், சர். பிட்டி. தியாகராயர்! கொள்கைப் பகை வேறு, மனிதப் பண்பு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நமக்கும் அவரோடு பிணக்குண்டு, மறைப்பானேன்? 1925 காஞ்சி மாநாட்டில் அவர் தலைமை வகித்தபோதுதான் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டது, பெரியார் வெளியேறினார். அது பிழையென்றே இன்றும் சொல்வோம். ஆனால் பிழையைச் சொல்லும் நாம் பெருமையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

1947. ஆட்சிப் பீடத்தில் காங்கிரசார். அவர் உழைத்து வளர்த்த கட்சியார். பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையில் வேலைநிறுத்தம். நம்மவர் ஆட்சியாயிற்றே என்று அவர் வாய்பொத்தினாரா? இல்லை, தொழிலாளியின் பக்கமே நின்றார். பரிசு என்ன தெரியுமா? வீட்டுக் காவல்! அறுபதைக் கடந்த முதியவருக்கு, வெள்ளையன் மிரட்டி விட்டதைச் சொந்தக் கட்சியின் ஆட்சி செய்தே காட்டியது.

பின்னாளில் கண்ணொளி மங்கியது, கருத்தொளி மங்கவில்லை. படுக்கையில் கிடந்தபடியே பாக்களைச் சொல்லிப் பிறரை எழுதச் செய்தார். 1953 செப்டம்பர் 17-இல் மறைந்தார்.

தோழர்களே! மாற்றான் ஆளும்போது குற்றம் கூறுவது எளிது. நம்மவர் கோட்டையில் அமர்ந்திருக்கும்போதும், கூலி கேட்டவன் தடியடிபட்டால் அது தவறென்று எழுதும் துணிவு நம் ஏடுகளுக்கு வேண்டும். அத்துணிவு இருக்குமட்டும்தான் ஏடு கட்சிக்குக் கண்ணாக விளங்கும். துணிவு போனால் அது வெறும் விளம்பரத் தாள்.

திரு. வி. க. படத்துக்கு மாலை போடுவோர் இதை மறவாதிருப்பாராக!