புலி மேல் வந்த பிள்ளை

அரண்மனையில் வளர்ந்த ஒரு பையன், தேடி வந்த கிரீடத்தை ஏன் வேண்டாம் என்றான்?

பந்தளத்து மணிகண்டனை, நம்ம ஐயப்பனைத்தான் சொல்கிறேன். கழுத்தில் மணியோடு பம்பைக் கரையில் கிடைத்த குழந்தை. புலிப்பால் கொண்டுவா என்று காட்டுக்கு அனுப்பினார்கள். புலி மேலேயே ஏறி வந்தான்! தான் வேறு மாதிரிப் பிள்ளை என்பதை மறைக்காமல், சிம்மாசனத்தை விட்டு மலையேறினான். அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

நம்ம தென்காசிக்கும் அவனோடு உறவு உண்டு. நம்ம ஊர் மலைக்கு அந்தப் பக்கம் அச்சன்கோவிலில் அவன் அரச கோலத்தில் இருக்கிறான். மார்கழித் திருவிழாவுக்குப் புனலூரிலிருந்து புறப்படும் அவனுடைய ஆபரணப் பெட்டி, தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்கு வந்துவிட்டுத்தான் போகும். பக்கத்துக் குற்றாலத்துக்குச் சாரலில் மட்டும் வருகிறவர்கள், மார்கழி பிறக்கும்போதும் ஒருமுறை வாங்க!