குறையைச் சொல்லுமுன் நன்றி

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் உள்ளது தோபிக்கானா. 1976-ஆம் ஆண்டு கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த இத்துறையில், டச்சுக்காரர் காலத்தில் குடியேறியதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர், கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சியிட்டு, கிளிப் இன்றி முறுக்குக் கயிற்றின் இடுக்கில் செருகி உலர்த்தி, தேய்த்துத் தருகின்றனர்.

அவ்வாறு வந்த சட்டையொன்றில் கறை நின்றுவிட்டால் நாம் என்ன சொல்லுகிறோம்? "வேலையே தெரியாதா?" என்னும் சொல் மனிதரைச் சுடும், கறையை அகற்றாது. "அண்ணாச்சி, மற்றத் துணிகளெல்லாம் அருமை, இந்தக் காலரில் மட்டும் கறை இருக்கிறது, பாருங்கள்" என்பதோ அவர் கைகளுக்கு வழிகாட்டும். கொரிந்து சபையாரைத் திருத்த எழுதிய பவுலும், முதலாம் நிருபத்தை அவர்களுக்காக நன்றி செலுத்தியே தொடங்கினார்.

குறையில்லாத நாளிலும் நன்றி சொல்லுங்கள். குறை கண்ட நாளில் மட்டுமே திறக்கும் வாயின் சொல் எடுபடாது.