இடம் கிடைத்த பிறகு



இடஒதுக்கீடு நம்மைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. உள்ளே போகக் கட்டணம் வேண்டும். 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற தலித் மாணவர் ஒருவரால் 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியவில்லை. தந்தை தினக்கூலி. இடம் பறிபோனது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது மீண்டது.

எல்லோராலும் டெல்லிவரை போக முடியாது. நம் கையில் இருப்பது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. 1944இல், அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது அது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிப்போரின் கட்டணத்துக்கும் வழிசெய்தது.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. 2021-22 முதல் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. கல்லூரியோ சேரும் நாளிலேயே பணம் கேட்கிறது. இந்த இடைவெளியில்தான் கந்துவட்டி வீட்டுக்குள் நுழைகிறது. பெண் பிள்ளைகளின் படிப்பு முதலில் நிற்கிறது. முன்பணம் கட்டாமல் சேர்வதற்கான ஃப்ரீஷிப் அட்டை திட்ட விதிகளிலேயே உண்டு. அதைக் கேட்டு வாங்குவோம்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் சேர்க்கைக்கு முன்பே தயார் செய்வோம். கட்டினால்தான் இடம் என்று சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்வோம். ஒவ்வொரு கல்லூரியிலும் விண்ணப்பம் நிரப்பித் தர நம் தோழர் ஒருவர் உட்காரட்டும். இது யாரும் இடும் பிச்சையல்ல, நம் உரிமை.