ஊட்டி ட்ராஃபிக்குக்குப் பயந்து கனடா போகலாமா? அங்கேயும் ‘புக்கிங்’ இல்லாமல் ஏரியைப் பார்க்க முடியாது!

லாங் வீக்எண்ட் முடிந்த திங்கட்கிழமை காலை. ஐ.டி. அலுவலகங்களின் காபி மெஷின் பக்கத்தில் தவறாமல் கேட்கும் டயலாக் இது: “மூணு நாள் லீவுல ஒன்றரை நாள் ரோட்டுலயே போச்சு மச்சி. பேசாம கனடா பக்கம் செட்டில் ஆகிடலாம் போல.”

பாதி ஜோக், பாதி சீரியஸ். சம்பளம், படிப்பு, குழந்தைகளின் எதிர்காலம் என்று வெளிநாடு போக ஆயிரம் காரணம் சொல்பவர்கள்கூட, “அங்கே கூட்டம் இல்லை, நிம்மதியாக வாழலாம்” என்பதையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். உண்மையிலேயே அங்கே கூட்டம் இல்லையா? நம்ம ஊட்டியையும், கனடாவின் ஊட்டி என்று சொல்லத்தக்க பான்ஃப் மலைப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதில் கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது.

ஊட்டியில் அப்படி என்னதான் பிரச்சினை?

நீலகிரி மாவட்டத்தின் பரப்பளவு சுமார் 2,545 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7.35 லட்சம். ஊட்டி நகரத்தில் மட்டும் 88 ஆயிரம் பேர். இதற்கு மேல்தான் சுற்றுலாக் கூட்டம்.

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா என மூன்று மாநிலங்களிலும் பள்ளிக் கோடை விடுமுறை ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது. மே மாதத்தில் மலர் கண்காட்சி, ரோஜா கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று வரிசையாகக் கோடை விழாவும் நடக்கிறது. கோவை, பெங்களூரு, கேரளா என எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும் கடைசியில் குறுகிய மலைப்பாதைதான். சீசனில் மேட்டுப்பாளையம் பக்கம் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கி ஒருவழிப் பாதையாக்குவது போலீஸாரின் வழக்கம். அப்படியும் சமாளிக்க முடியாத நாட்கள் உண்டு.

காரணம் எளிது. மலையில் ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்றால் ஒன்று சரிவை வெட்ட வேண்டும், இல்லை காட்டை வெட்ட வேண்டும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு, சரிவை வெட்டுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இ-பாஸ் எப்போது வந்தது? யாருக்கு?

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. சீசனில் நாளொன்றுக்கு சுமார் 20 ஆயிரம் வாகனங்கள் நீலகிரிக்கு வருவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதுதான் இதற்குப் பின்னணி. மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. முதலில் ஜூன் 30 வரை என்றிருந்தது, பிறகு நீட்டிக்கப்பட்டது.

ஆனால் அது வெறும் கணக்கெடுப்புதான். பதிவு செய்தவர்கள் எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது. உண்மையான வரம்பு 2025-ல்தான் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் மட்டும் என்று நீதிமன்றம் நிர்ணயித்தது. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. இந்த மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் கொடுக்கப்பட்டது.

உள்ளூர் வாகனங்கள், அரசுப் பேருந்து, ரயில், விளைபொருள் ஏற்றும் வண்டிகள் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு கிடையாது. அப்படியும் வியாபாரிகள் எதிர்த்தார்கள். 2025 ஏப்ரல் 2-ம் தேதி மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் சம்பாதித்து மீதி மாதங்களை ஓட்டும் காட்டேஜ்காரருக்கும், டாக்சி டிரைவருக்கும், வர்க்கி விற்பவருக்கும் ‘8,000’ என்பது அவர்களுடைய வருமானத்தின் மேல் போட்ட வரம்பு.

அதே மலையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பறித்த பச்சைத் தேயிலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் தரம் போய்விடும். ட்ராஃபிக்கில் இலை வண்டி நின்றால் நஷ்டம் சிறு விவசாயிக்கு. ஸ்கூல் வேன் நின்றால் பிள்ளைக்கு. ஆம்புலன்ஸ் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நீலகிரி இளைஞர்கள் லீவு போட்டு வீட்டுக்கு வருவதும் இதே மே மாதத்தில்தான். சொந்த ஊருக்கு ஏறும் வழியில் அவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, கனடாவில் எப்படி?

ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராக்கி மலைத்தொடரில் இருக்கும் பான்ஃப், கனடாவின் முதல் தேசியப் பூங்கா. 1885-ல் தொடங்கியது. பரப்பளவு 6,641 சதுர கிலோமீட்டர், அதாவது நீலகிரியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். பான்ஃப் நகரின் மக்கள்தொகை 2021 கணக்குப்படி சுமார் 8,300 மட்டுமே. ஆனால் வருஷத்துக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பூங்காவுக்கு வருகிறார்கள்.

அங்கே இருக்கும் மொரெய்ன் ஏரி, ஒரு காலத்தில் கனடாவின் 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இடம்பெற்ற அளவுக்குப் பிரபலம். இன்ஸ்டாகிராமில் நீல நிறத் தண்ணீருடன் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அதே ஏரி. சீசனில் அதன் பார்க்கிங் எந்நேரமும் நிரம்பியே கிடந்தது. முடிவு? 2023 முதல் அந்த ஏரிக்குப் போகும் சாலையில் தனியார் கார்களுக்கு அனுமதியே இல்லை. வரம்பு கிடையாது, பாஸ் கிடையாது, நேராகத் தடைதான்.

பதிலுக்குப் பூங்கா நிர்வாகமே ஷட்டில் பஸ் விடுகிறது. ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஓடும் இந்த பஸ்ஸில் சீட் வேண்டும் என்றால் ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும். 40 சதவீத சீட்டுகள் சீசனுக்கு முன்பே திறக்கப்படும். மீதி 60 சதவீதம், பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்கு. நம்ம ஊர் தட்கல் டிக்கெட் அனுபவம் உள்ளவர்களுக்கு இது ரொம்பப் பழகிய டென்ஷன்.

அப்போ வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. கூட்டம் இரண்டு பக்கமும் உண்டு, அதைக் கையாளும் விதம்தான் வேறு. மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, மாற்று வழி. அங்கே காரைத் தடுத்ததோடு பஸ்ஸும் நேரமும் பார்க்கிங்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இங்கே வரம்பு வந்தது, ஆனால் மேட்டுப்பாளையத்திலோ கூடலூரிலோ காரை நிறுத்திவிட்டு, “பத்து நிமிஷத்துல அடுத்த பஸ் வரும்” என்று நம்பி ஏறும் நிலை இன்னும் வரவில்லை. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த மலை ரயில் உலகப் பாரம்பரியச் சின்னம்தான், ஆனால் சில நூறு பேரை ஏற்றும் ரயிலால் 20 ஆயிரம் வாகனங்களின் கூட்டத்தைச் சுமக்க முடியாது.

இரண்டு, யார் அங்கே வாழலாம். பான்ஃப் நகரில் பணம் இருக்கிறது என்பதற்காக ஹாலிடே வீடு வாங்கிக் குடியேற முடியாது. அங்கே வேலை பார்ப்பது, தொழில் நடத்துவது போன்ற காரணம் இருக்க வேண்டும். நிலமும் அரசிடம் குத்தகைதான். நீலகிரியில் நெரிசல் என்றால் நாம் கார்களை மட்டும் எண்ணுகிறோம். வருஷத்தில் பத்து நாள் தங்குவதற்காகக் கட்டப்படும் பங்களாக்களும் அதே தண்ணீரையும் அதே ரோட்டையும்தான் பயன்படுத்துகின்றன.

மூன்று, யார் முடிவெடுக்கிறார்கள். பான்ஃபின் முக்கிய வீதியைக் கோடையில் நடப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்கும் திட்டம் சில ஆண்டுகள் நடந்தது. 2024 ஆகஸ்டில் உள்ளூர்வாசிகளிடம் வாக்கெடுப்பு நடந்தது, அவர்கள் அதை நிராகரித்துவிட்டார்கள். அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் கேள்வி அங்கே வாழ்பவர்களிடம் கேட்கப்பட்டது. இங்கே முடிவு நீதிமன்றத்திலிருந்து வந்தது, உள்ளூரின் பதில் கடையடைப்பாக வந்தது.

ஆனால் நீங்கள் பான்ஃபில் குடியேறப் போவதில்லை!

இதுதான் பலரும் யோசிக்காத விஷயம். கனடா போகும் தமிழர்களில் பெரும்பாலோர் இறங்குவது டொரோன்டோ பக்கம். அங்கிருந்து பான்ஃப் போக கால்கரிக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல் விமானப் பயணம், பிறகு ரோடு.

டொரோன்டோவில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் ‘லாங் வீக்எண்ட்’ வேறு. மே மாத விக்டோரியா டே, ஜூலை 1 கனடா டே, செப்டம்பர் லேபர் டே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகரமே வடக்கே ஏரிப் பக்கம் கிளம்பும். 400-ம் எண் நெடுஞ்சாலை அன்றைக்கு எப்படி இருக்கும் என்று அங்கே இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் ஒரு நாள் போய் வருவதற்கே ஐந்து நாள் முன்பிருந்து ஆன்லைனில் பெர்மிட் எடுத்து வைப்பார்கள்.

லீவு கணக்கும் முக்கியம். ஒன்டாரியோ சட்டப்படி, ஒரே நிறுவனத்தில் ஐந்து வருஷம் முடிக்கும் வரை குறைந்தபட்ச ஆண்டு விடுமுறை இரண்டு வாரம். பொது விடுமுறை ஒன்பது நாள். இந்த இரண்டு வாரத்தை அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்கு வருவதற்குச் சேர்த்து வைத்தால், ஏரிக்கும் மலைக்கும் மிச்சம் இருப்பது அதே லாங் வீக்எண்ட்தான். எல்லோரும் கிளம்பும் அதே நாட்கள்!

போகும் வாசலும் சின்னதாகி வருகிறது. 2025-ல் 5 லட்சம் பேருக்கு நிரந்தரக் குடியுரிமை என்று வைத்திருந்த இலக்கை, 2024 அக்டோபரில் கனடா அரசு 3.95 லட்சமாகக் குறைத்தது. வீட்டு வசதியும் மருத்துவமனைகளும் நெருக்கடியில் இருக்கின்றன என்ற பேச்சு அங்கே பெரிதாக எழுந்த நேரம் அது. மலைக்கு இ-பாஸ் வரம்பு போட்ட அதே தர்க்கம்தான்: இடம் இவ்வளவு, ஆட்கள் இவ்வளவு.

நாடு மாறுவது இந்த மலைக்குப் புதுசா?

இல்லை. 1964-ல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் நீலகிரிக்கு வந்து சேர்ந்தன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய ‘டான்டீ’. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இருக்கிறது. அவர்கள் விட்டுவந்த நுவரெலியாவிலும் ஏப்ரல் வந்தால் ‘சீசன்’, சித்திரைப் புத்தாண்டு லீவுக்குக் கொழும்பே மலையேறும். ஒரு தேயிலை மலையிலிருந்து இன்னொரு தேயிலை மலைக்கு வந்தவர்களுக்குக் கூட்டம் ஒரு காரணமாக இருந்ததில்லை. குடியுரிமையும் கூலியும்தான் காரணம்.

என்ன செய்யலாம்?

வேலை, படிப்பு, குடும்பம் இவற்றுக்காக நாடு மாறுவதாக இருந்தால், அந்தக் கணக்கைப் போட்டு முடிவெடுங்கள். லீவு நாள் ட்ராஃபிக்கை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது பாஸ்போர்ட் இல்லாமலே கூட வரும்.

ஊட்டிக்குப் போவதாக இருந்தால், பான்ஃபில் செய்யத் தயாராக இருப்பதை இங்கேயும் செய்து பார்க்கலாம். காரை விட்டுவிட்டு அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இ-பாஸ் தேவையே இல்லை. சனி, ஞாயிறை விட்டு செவ்வாய், புதன் போனால் அதே மலை வேறு மலை மாதிரி இருக்கும். கனடாவில் வரிசையில் நின்று ஷட்டில் பஸ் ஏறுவதை ‘சிஸ்டம்’ என்று பாராட்டும் நாம், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்பதை மட்டும் ஏன் கஷ்டம் என்கிறோம்? அந்தப் பேருந்தில் இன்னும் கொஞ்சம் வசதியும், அடுத்தது எப்போது வரும் என்ற நிச்சயமும் வேண்டும் என்று கேட்பது, விசா ஃபார்ம் நிரப்புவதைவிடச் சுலபமான வேலைதான்.